மதுரையிலிருந்து மூன்று ரூபாய் தூரம்

அந்த மரண அனுபவம் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. பதினாறு வயது வெங்கடராமன் அதன்பின் தானாக முனைந்து செய்த பெரிய காரியம், ஒரு பழைய அட்லாஸை எடுத்துத் திருவண்ணாமலைக்கு ரயில் வழி தேடியதுதான். கிட்டத்தில் இருக்கும் ஸ்டேஷன் திண்டிவனம் என்றது அட்லாஸ். விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குப் புதுப் பாதை போட்டு, திருவண்ணாமலைக்கே ஒரு ஸ்டேஷன் வந்துவிட்ட சேதி அந்த அட்லாஸுக்கும் தெரியாது, பையனுக்கும் தெரியாது. மதுரையில் திண்டிவனம் டிக்கெட் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. கையில் இருந்தது மூன்று ரூபாய். அன்று 1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை.

பின்னாளில் ரமண மகரிஷி ஆன இந்த வெங்கடராமனைப் பற்றிப் படிக்கும்போது இந்தப் பக்கங்களை நாம் வேகமாகத் தள்ளிவிடுவோம். மாடி அறையில் மரண பயம், உடனே ஞானம், அடுத்து அண்ணாமலை. ஆனால் நடுவில் ஒரு டிக்கெட் இருக்கிறது. பசி இருக்கிறது. அடகு வைத்த கடுக்கன் இருக்கிறது. உடம்பு நானல்ல என்று கண்டுகொண்டவன், அந்த உடம்பைச் சுமார் 400 கிலோமீட்டர் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தான் என்பது எனக்குப் பல பாஷ்யங்களைவிடச் சுவாரசியமாகப் பட்டது. அந்த வழியிலேயே போய்ப் பார்ப்போம் என்று மதுரையில் ஆரம்பித்தேன்.

சொக்கப்ப நாயக்கன் தெரு மீனாட்சி கோயிலின் தெற்குக் கோபுரத்துக்குப் பக்கம். ஒரு பக்கம் சரக்கு இறக்கும் வண்டி, இன்னொரு பக்கம் பூக்காரம்மா. நடுவில் ஸ்கூட்டர்கள் வழி கேட்டு அலறுகின்றன. சித்தப்பா சுப்பையர் வாடகைக்கு இருந்த வீடு இப்போது ரமண மந்திரம். தகப்பனார் சுந்தரமய்யர் திருச்சுழியில் சர்ட்டிபிகேட் இல்லாத வக்கீல். 1892-ல் அவர் காலமானதும் பிள்ளைகளில் இருவர் இந்த வீட்டுக்கு வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் தெருச் சத்தம் பாதியாகக் குறைகிறது, முழுதாகப் போவதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. 1896 ஜூலையிலும் இந்தத் தெரு கப்சிப்பென்று இருந்திருக்காது. வாசலில் இருந்த அம்மாள், "உக்காந்துட்டே போங்க, அவசரமில்ல" என்றார்.

நடந்தது இவ்வளவுதான். பையன் மாடியில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். காய்ச்சலில்லை, தலைவலியில்லை. திடீரென்று, சாகப்போகிறோம் என்ற பயம் பிடித்துக்கொள்கிறது. யாரையும் கூப்பிடவில்லை, டாக்டரிடம் ஓட வேண்டும் என்றும் தோன்றவில்லை. இதை நாமே தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று படுத்துவிட்டான். கை கால்களைப் பிணம்போல் விறைப்பாக நீட்டி, வாயை இறுக மூடி, மூச்சையும் அடக்கிக்கொண்டான். சரி, இந்த உடம்பு செத்துவிட்டது, தூக்கிக்கொண்டுபோய் எரித்துவிடுவார்கள், அதோடு நானும் போய்விடுவேனா? விறைத்துக் கிடக்கும் உடம்பைத் தவிர வேறொன்று அங்கே முழு வலுவோடு இருப்பது தெரிகிறது. யோசித்துக் கண்டுபிடித்த முடிவு அல்ல இது. எதிரே இருப்பதைக் கண் பார்ப்பதுபோல நேராகத் தெரிந்தது என்பதைப் பின்னாளில் அழுத்திச் சொன்னார். பயம் அன்றோடு போயிற்று. திரும்ப வரவேயில்லை.

பெரிய வெளிச்சம் இல்லை. தெய்வம் தோன்றவில்லை. உடம்பு நடுங்கவில்லை, ஆனந்தக் கண்ணீர் பொங்கவில்லை. ஞான அனுபவத்தை எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கொளுத்தும் மத்தாப்பு எதுவும் இதில் கிடையாது. நடந்ததெல்லாம் ஒரு பரிசோதனை. ஓரிரு நிமிஷமோ, அரைமணியோ. அதற்கப்புறம் இருந்த நிலைக்கு அவர் ஒரே ஓர் உவமைதான் சொன்னார், அதுவும் கச்சேரி மேடையிலிருந்து எடுத்தது: ஸ்வரங்கள் வரும் போகும், சுருதி மட்டும் அடியில் விடாமல் நிற்கும். மற்ற நினைப்புகள் வந்து போக, 'நான்' என்பது சுருதிபோல் நின்றது. பேசினாலும் படித்தாலும் அது அறுபடவில்லை.

இந்த விவரம் நமக்குக் கிடைத்தது பி. வி. நரசிம்ம சுவாமியால். 1931-ல் ஆங்கிலத்தில் அவர் எழுதிய வாழ்க்கை வரலாறுதான் முதல் விரிவான பதிவு. அதில் 'நான் உட்கார்ந்திருந்தேன், நான் படுத்தேன்' என்று தன்மையிலேயே சம்பவம் ஓடுகிறது. கீழே சிறிய அடிக்குறிப்பு ஒன்று. மகரிஷி சொன்ன சொற்கள் அப்படியே இவை அல்ல. அவர் பேச்சில் நான், நீ என்பது அபூர்வமாகவே வரும். படிக்கிறவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக இப்படி எழுத வேண்டியதாயிற்று என்கிறது அந்தக் குறிப்பு. உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆன்ம அனுபவப் பதிவில் உள்ள 'நான்' எல்லாம் எழுதியவர் போட்டது. அடிக்குறிப்பைப் படித்தபிறகு எனக்கு அந்தப் பக்கத்தைப் பழையபடி படிக்க முடியவில்லை.

வீட்டாருக்குத் தெரிந்தது வெளி மாற்றம் மட்டும்தான். முன்பெல்லாம் வேலை ஏவினால் எகிறுகிற பிள்ளை, இப்போது எதைச் சொன்னாலும் செய்தான். சாப்பாட்டில் ருசி பார்க்கவில்லை. சாயங்காலமானால் தனியாகக் கோயிலுக்குப் போனான். முன்பு எப்போதாவது கூட்டாளிகளோடு போய், விபூதி பூசிக்கொண்டு வந்துவிடுகிறவன், இப்போது சுவாமி பிராகாரத்தில் அறுபத்து மூவர் முன்னால் நின்று நின்று அழுதான். அதற்குமுன் அவன் விரும்பிப் படித்த சமயப் புத்தகம் பெரிய புராணம் ஒன்றுதான்.

நானும் அந்த வரிசை முன் போய் நின்றேன். எண்ணெய் ஏறிக் கறுத்த சின்னச் சின்னக் கல் உருவங்கள். ஒருவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் யாரென்று பிடிபடும். பின்னால் ஒரு தகப்பனார் மகனுக்குப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணப்பரோடு அவருக்குத் தெரிந்தது தீர்ந்துவிட்டது. இரண்டற்றது ஒன்றே என்று கண்டுவிட்டவனுக்கு எதிரே நின்று அழ அறுபத்து மூன்று பேர் எதற்கு என்று வேதாந்தம் படித்தவர்கள் கேட்கலாம். விளக்கமும் தருகிறார்கள், ஞானமும் பக்தியும் முடிவில் ஒன்று என்று சமன் செய்துவிடுகிறார்கள். பையன் சமன் செய்யவில்லை. அந்த அடியார்களைப் போலத் தனக்கும் பக்தி வேண்டும் என்று சில நாள் வேண்டிக்கொண்டான், பல நாள் எதுவும் வேண்டாமல் நின்றான். எதிரே இருப்பவர் யார், அழுகிறவர் யார் என்ற கணக்கு அப்போது அவனுக்கு எழவில்லை. அந்தச் சொற்களே அவனிடம் இல்லை.

ஆகஸ்ட் 29 அன்று இங்கிலீஷ் இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதிவரும்படி தண்டனை. இரண்டு தடவை எழுதியபின் புத்தகத்தை மூடிவைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பு, வீடு எல்லாம் எதற்கு என்ற பொருளில் அண்ணன் நாகசாமி கடிந்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறதே என்று பட்டது தம்பிக்கு. பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டு எழுந்தான். போகிற வழியில் என் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடு என்று அண்ணன் ஐந்து ரூபாய் எடுத்துப்போகச் சொன்னார். மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டைக் கடிதத்தோடு வைத்தான். அந்தக் கடிதம் 'நான்' என்று ஆரம்பிக்கிறது. நடுவில் 'இது' என்று ஆகிறது. கையெழுத்து வேண்டிய இடத்தில் ஒரு கோடு. பக்தர்கள் இதைச் சொல்லிச் சொல்லி வியப்பார்கள், வியக்கத் தக்கதுதான். எனக்கு இன்னொன்றும் பட்டது. அண்ணாமலையாரை நினைத்து, தகப்பனைத் தேடிப் போகிறேன் என்று எழுதிய அதே தாளில், உன் சம்பளம் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறான். கணக்கு பிசகவில்லை.

வைகை எக்ஸ்பிரஸில் போனால் விழுப்புரத்துக்கு மதியத்துக்குள் போய்ச் சேரலாம். அவனுக்கு மறுநாள் விடிகாலை மூன்று மணி ஆயிற்று. வழியில் வெண்தாடி மௌல்வி ஒருவர் பேச்சுக் கொடுத்து, திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது, விழுப்புரத்தில் மாற வேண்டும் என்று திருத்தினார். அட்லாஸ் செய்த குளறுபடியை நேராக்கியவர் அவர்தான். திருச்சியில் பசித்து இரண்டு பேரிக்காய் வாங்கி, ஒரு கடி கடித்ததும் போதும் என்றாகிவிட்டது. அரையணா செலவு. இப்போது கையில் மீதி இரண்டரை அணா. நானோ திருச்சியில் ஒரு பொட்டலம் எலுமிச்சை சாதம் முழுசாகச் சாப்பிட்டு, மேலே ஒரு காபியும் குடித்தேன்.

விழுப்புரத்தில் ஹோட்டல்காரர் மத்தியானச் சாப்பாடு போட்டுவிட்டு, உன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு, இரண்டரை அணா என்றதும் வாங்க மறுத்துவிட்டார். அந்தக் காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட் கிடைத்தது. நானும் காட்பாடி பாசஞ்சரில் ஏறி மாம்பழப்பட்டில் இறங்கினேன். என்னோடு இறங்கியவர்கள் பால் கேனோடு ஒருவர், பள்ளிக்கூடப் பையன்கள் சிலர். ரோட்டுக்கு வந்தால் இருபுறமும் கரும்பு. லாரியிலிருந்து விழுந்த கழிகள் சக்கரத்தில் நசுங்கித் தாரோடு ஒட்டிக் கிடந்தன. புளிய மரத்தடியில் வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்த பெரியவர் நிறுத்தினார்.

"எங்க போறீங்க?"

"அரகண்டநல்லூர்."

"பஸ்ஸு வரும் சார். இன்னாத்துக்கு நடக்குறீங்க? வேண்டுதலா?"

"அதெல்லாம் இல்லைங்க ஐயா. ரமணர் சின்ன வயசுல இந்த வழியா நடந்துதான் போனார்னு..."

பெரியவர் கையிலிருந்த கடலையைக் கூடையில் போட்டார். "அவரு கிட்ட காசு இல்ல, நடந்தாரு. உங்களுக்கு இன்னா வந்திச்சி?"

இதற்குப் பதில் சொல்ல என்னால் ஆகவில்லை. பாதி தூரம் நடந்தேன், மீதியைப் பஸ்ஸில் முடித்தேன்.

பத்து மைல் நடந்து அவன் சேர்ந்த இடம் அறையணிநல்லூர், இன்றைய அரகண்டநல்லூர். தென்பெண்ணைக் கரையில் பாறைமேல் கோயில், ஏழு நிலைக் கோபுரம், பாறையில் குடைந்த பல்லவர் காலக் குகை. ஆற்றுக்கு அக்கரையில் திருக்கோவிலூர். சம்பந்தர் இங்கே நின்றுதான் அண்ணாமலையைப் பார்த்துப் பாடினார் என்று ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். நான் போன நேரம் வடக்கே புழுதி மூட்டம், மலை தெரியவில்லை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் பளிச்சென்று தெரியும் என்றார் குருக்கள்.

இந்தப் பயணத்தில் நான் முக்கியமாகப் பார்க்க விரும்பிய இடம் இதுதான். காரணம், ஒளி வந்தது இங்கே. சாயங்காலம் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்கு, இடம் முழுக்கக் கண்ணைப் பறிக்கும் ஜோதி நிறைந்தது. கர்ப்பக்கிருகத்து மூர்த்தியிலிருந்து வருகிறதோ என்று எழுந்து உள்ளே போய்ப் பார்த்தான். அங்கே அப்படி ஒன்றும் இல்லை. வந்தது மறைந்துவிட்டது. திரும்ப வந்து உட்கார்ந்து ஆழ்ந்துவிட்டான்.

ஆன்மிகக் கதைகளின் வழக்கப்படி பார்த்தால் உச்சக்கட்டம் இங்கேதான் வந்திருக்க வேண்டும். பெயர் பெற்ற சிவத்தலம், சம்பந்தர் நின்ற மண், கண்கூசும் ஜோதி. ஆனால் மகரிஷி இதை ஞானம் என்று சொன்னதே கிடையாது. வந்தது, போயிற்று, அவ்வளவுதான். மதுரை மாடி அறையில் எதுவும் வரவில்லை. ஆகவே போகவும் எதுவும் இல்லை. அத்வைதிகள் அனுபவம் என்ற சொல்லை எச்சரிக்கையோடு கையாளுவதன் காரணம் எனக்கு நூல்களில் புரிந்ததைவிட இந்த மண்டபத்தில் தெளிவாகப் புரிந்தது. ஒரு நேரத்தில் தொடங்குகிற எதுவும் இன்னொரு நேரத்தில் முடிந்தே தீரும். எழுந்து போய்ப் பார்க்கக்கூடிய ஒளி, பார்க்கிறவனுக்கு வெளியே இருப்பது. பையன் எழுந்து போய்ப் பார்த்தான் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கைகூப்பி விழவில்லை, எங்கிருந்து வருகிறது என்று சோதித்தான். ஆறு வாரத்துக்கு முன் மரண பயத்தைச் சோதித்தவன் அல்லவா.

"அந்த எடத்துல உக்காந்தா இன்னிக்கும் வெளிச்சம் தெரியும்னு வர்றாங்க சார்," என்றார் குருக்கள். "தெரிஞ்சுதாங்கன்னு நான் கேக்கறதில்ல. நட சாத்தற நேரம்னா எழுப்பிடுவேன்."

அன்றும் எழுப்பித்தான் விட்டார்கள். பசிக்கிறது, ஏதாவது கிடைக்குமா என்று கேட்டான், இல்லை என்றார்கள். திருக்கோவிலூரின் கீழூர் வீரட்டேசுவரர் கோயிலில் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, பின்னாலேயே போனான். அங்கேயும் கிடைக்கவில்லை. கோயில் மேளக்காரர் மனம் இளகித் தன் பங்குச் சோற்றைக் கொடுத்தார். தண்ணீர் தேடிப் போகும்போது, நடந்தவாறே கண் இருட்டி விழுந்தான். நினைவு வந்தபோது சோறு தெருவில் சிந்திக் கிடந்தது. ஒரு பருக்கைகூட வீணாகாமல் பொறுக்கித் தின்றான்.

கீழூர்த் தெருவில் இதை நினைத்து நடந்தால் மனசு சங்கடப்படுகிறது. மரணத்தைத் தாண்டியவன் பசியைத் தாண்டவில்லையா? தாண்டுவது என்று நாம் எதை நினைக்கிறோம் என்பதில்தான் சிக்கல். வயிறு எரிந்தது, மயக்கம் வந்தது, சுருதி அறுபடவில்லை என்பது மட்டுமே அவர் சொன்னது. திருக்கோவிலூர் மெய்ப்பொருள் நாயனார் ஆண்ட ஊர். அடியார் வேடத்தில் வந்தவன் கத்தியால் குத்த, அவனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டி விட்டுவரச் சொன்னவர். பெரிய புராணத்தை விரும்பிப் படித்த பிள்ளைக்கு அந்தக் கதை அன்றிரவு ஞாபகம் வந்ததா என்று எங்கும் பதிவில்லை.

மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டு வாசலில் போய்ச் சோறு கேட்டான். வீட்டம்மாள் வயிறார இட்டார். சுவாமிக்கு இன்னும் படைக்காத பட்சணத்தையும் மடித்துக் கொடுத்தார். காதில் கிடந்த கடுக்கன்களை அடகாகக் கொடுத்து நான்கு ரூபாய் வாங்கினான். கடுக்கன் இருபது ரூபாய் பெறும். அந்த அடகுச் சீட்டைத் தெருவிலேயே கிழித்துப் போட்டுவிட்டு ஸ்டேஷனில் தூங்கினான். திரும்புவதில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை.

1896 செப்டம்பர் 1 காலையில் அவன் இறங்கிய திருவண்ணாமலைக்கும் நான் இறங்கியதற்கும் சம்பந்தம் இல்லை. பௌர்ணமிக்கு முந்தைய நாள் வேறு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கடைகள் முன்கூட்டியே முளைத்திருந்தன. ருத்ராட்சம், பொரி, செருப்பு. கோயிலில் நேரே சன்னிதிக்குப் போய் அப்பா வந்துவிட்டேன் என்று நின்றவன், வெளியே அய்யங்குளம் பக்கம் வந்தபோது யாரோ குடுமி எடுக்கணுமா என்று கேட்டார். எடுத்துவிட்டான். பட்சணப் பொட்டலம், மீதிச் சில்லறை, பூணூல் எல்லாம் குளத்துக்கோ தரைக்கோ போயின. வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கினான். மொட்டை போட்டால் குளிக்க வேண்டும், உடம்புக்கு எதற்கு இந்த சொகுசு என்று அதையும் விட்டான். கோயிலுக்குள் நுழையுமுன் மழை கொட்டிவிட்டது.

ஆயிரங்கால் மண்டபத்தின் அடியில் பாதாள லிங்கம். இன்று படி, விளக்கு எல்லாம் இருக்கிறது. 1949-ல் ராஜாஜி அதைத் திறந்துவைத்தார். அன்று அது வெளிச்சம் படாத ஈரப் பொந்து. கல்லெறியும் பையன்களிடமிருந்து தப்ப அதற்குள் போய் உட்கார்ந்தவரை எறும்பும் பூச்சியும் அரித்தன; தொடையின் அடியில் புண்ணாகிச் சீழ் வடிந்தது. அவ்வூர்த் துறவி சேஷாத்ரி சுவாமிகள் காவலாக நின்று பையன்களை விரட்டிப் பார்த்தார். கடைசியில் சிலர் இறங்கித் தூக்கி வந்தபோதும் கண் திறக்கவில்லை. படியில் குனிந்து பார்த்தேன். கீழிருந்து வந்த காற்றில் எண்ணெயும் ஈரக் கல்லும் கலந்த வாசனை. வரிசையில் எனக்குப் பின்னால் வந்தவர் நெட்டித் தள்ளாத குறை.

கடும் தவம் என்று ஊர் சொன்னது, இன்றும் சொல்கிறது. அவர் ஒத்துக்கொண்டதில்லை. எதையும் அடைய வேண்டி உட்காரவில்லை, கண்ணைத் திறக்கத் தோன்றவில்லை, மூடியிருந்தது, ஊட்டினார்கள், சாப்பிட்டது. சாதனை என்ற வார்த்தையே தெரியாது என்றார். வார்த்தைகள் பின்னால்தான் வந்தன. பழனிசாமி என்ற மலையாளி, தொண்டு செய்ய வந்தவர், தமிழ் வேதாந்த நூல்களை இரவல் வாங்கிவந்து எழுத்துக்கூட்டிப் படித்துத் திணறுவார். அவருக்கு உதவ வாங்கிப் பார்த்தபோதுதான், மதுரையில் நடந்ததற்கு இவர்கள் இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்களா என்று தெரிந்தது. பிரம்மம், சகஜம், நிர்விகல்பம் எல்லாம் அவருக்கு இப்படி அறிமுகமானவை. நமக்கெல்லாம் நேர் எதிர். பெயர்கள் பத்து வயதிலேயே தெரிந்துவிடுகின்றன. பொருள் மட்டும் பாக்கி. 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேள்வி கேட்க, பேசாமல் எழுதிக் காட்டிய பதில்கள்தான் பிறகு 1923-ல் 'நான் யார்?' என்று அச்சாயின. மதுரையில் படுத்துக்கிடந்து கேட்ட அதே கேள்விதான். கூடுதலாக எதுவும் சேர்க்கவில்லை.

ரமணாசிரமத்தில் பகல் சாப்பாடு இலை போட்டு, தரையில். எதிர் வரிசையில் ஜெர்மன்காரர் ஒருவர் ரசத்தைக் கையால் அணைகட்டிச் சாப்பிடக் கற்றுக்கொண்டிருந்தார். பழைய ஹாலில் கூட்டம் இருந்தும் மின்விசிறிச் சத்தம் மட்டும். வெளியே திண்ணையில், சென்னையிலிருந்து வந்த ஐ.டி. இளைஞர் ஒருவர் சேவை செய்யும் மாமியிடம் புகார் சொன்னார்.

"டெய்லி உக்காந்து பாக்கறேன் மாமி. ஒண்ணும் வரமாட்டேங்குது."

"என்ன வரணும்?"

அவர் சற்று யோசித்தார். "ஏதாவது... ஒரு ஃபீலிங்..."

"காபி வரும், நாலு மணிக்கு," என்று மாமி வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் கிண்டலாகச் சொன்னாரா, வேலை நினைப்பில் சொன்னாரா, அந்தப் பையனும் நானும் கடைசிவரை தீர்மானிக்கவில்லை.

சமாதி ஹாலுக்குக் கொஞ்சம் தள்ளி, மகரிஷி கடைசி நாட்களில் இருந்த சின்ன அறை. இடது கையில் சதைப்புற்று. 1949-ல் மட்டும் நான்கு தடவை அறுவை. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு முடிந்தது. வலித்ததா என்று கேட்டவர்களிடம் உடம்பில் வலி இருக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை. தரிசன நேரத்தையும் நிறுத்தவிடவில்லை. கீழூர்த் தெருவில் பருக்கை பொறுக்கிய பையனுக்கும் இந்த அறையில் படுத்திருந்த கிழவருக்கும் ஐம்பத்துமூன்று வருஷம் இடைவெளி. உடம்பு விஷயத்தில் இருவரும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் விடியலில் ஆசிரமத்தின் பின்பக்கமாக மலை ஏறினேன். கல் பாவிய பாதை. வெயில் ஏறுமுன் ஸ்கந்தாசிரமம். அங்கிருந்து கீழே இறங்கினால் விரூபாக்ஷ குகை, அவர் 1899 முதல் 1916 வரை இருந்த இடம். இந்தப் பக்கத்துப் பாதையில் ஆமைப்பாறை என்று ஒன்று உண்டு. அதைக் காட்டியவர் விறகு சுமந்து இறங்கிய ஓர் அம்மாள். தலைச்சுமையோடு கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணால் சாடை காட்டினார்.

1912-ல் ஒருநாள் மகரிஷி பச்சையம்மன் கோயிலில் எண்ணெய் ஸ்நானம் செய்துவிட்டு, பழனிசாமியும் வாசுதேவ சாஸ்திரியும் கூட வர, இந்தப் பாறை வழியாகக் குகைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். எதிரே தெரிந்த காட்சியின்மேல் வெள்ளைத் திரை ஒன்று ஓரத்திலிருந்து இழுத்துக்கொண்டே வந்தது. நின்றார், தெளிந்தது, நடந்தார். மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவை எல்லாம் வெள்ளையாகி, பாறையில் சாய்ந்து உட்கார்ந்தபோது மூச்சும் நாடியும் நின்றுவிட்டன. உடம்பு நீலம் பாரித்தது. சாஸ்திரி கட்டிக்கொண்டு கதறினார். அவர் கட்டிக்கொண்டதும் உடம்பு அவர் நடுக்கத்தில் ஆடியதும் கதறலும் எல்லாமே மகரிஷிக்குத் தெரிந்துகொண்டிருந்தன. கை கால் குளிர்ந்து நீலமாவதும் தெரிந்தது. பயம் துளியும் இல்லை. பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குப் பின் வலது பக்கத்திலிருந்து ஏதோ பாய்ந்து ரத்தம் ஓடத் தொடங்கியது.

இதை வைத்து இரண்டாவது மரண அனுபவம் என்று எழுதியவர்கள் உண்டு. அதற்குப் பிறகுதான் அவருக்கு நிலை பூரணமாயிற்று என்று முடிவு கட்டினவர்களும் உண்டு. அவரைக் கேட்டபோது, வேண்டுமென்று வரவழைத்ததல்ல, செத்தால் உடம்பு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை, அப்போதைக்கப்போது வருகிற மயக்கம்தான், இந்தத் தடவை சற்றுக் கடுமை என்று முடித்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. தோலின் நிறம் திரும்பியது. எழுந்தார், சாஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொள்ள, மூன்று பேருமாகக் குகைக்கு நடந்தார்கள்.